முதலில் பையைக் கொட்டுங்கள்: துண்டுத்துணிப் போர்வைக்கு எந்த பிளாக்?

தெருமுனை டைலர் அக்காவிடமிருந்து மாதத்துக்கு ஓர் அரிசிப்பை நிறைய வெட்டுத்துணி வரும். முதல் தடவை கேட்டபோது, “தலையணைக்கு அடைக்கவா?” என்றார். போர்வை தைக்க என்றேன். பையை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. “இதுலயா? உள்ளங்கை அகலத்துக்கு மேல ஒண்ணும் தேறாதேம்மா.”

தேறாதுதான். ஆனால் உள்ளங்கை அகலம்கூட இல்லாத துணியில் போர்வை தைக்க ஒரு வழி அல்ல, பல வழி இருக்கிறது. என் சிக்கலே அதுதான். அண்ணன் மகளின் வளைகாப்பில் குழந்தைப் போர்வை தைத்துத் தருகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். பிறகு எந்த முறையில் தைப்பது என்று புரியாமல் மூன்று வாரம் வீடியோ பார்த்தேன். பார்க்கிறபோது எல்லாமே சுலபமாகத்தான் இருந்தது. கடைசியில் நான்கு முறையிலும் ஒவ்வொரு துண்டு தைத்துப் பார்த்த பிறகுதான் தெளிவு வந்தது.

நான் சொல்வது ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டி அடுக்கும் ஒட்டுவேலை அல்ல. வரைபடம் எதுவும் இல்லாமல், கிடைத்த துண்டைக் கிடைத்த வடிவத்திலேயே இணைத்துக்கொண்டு போகிற வேலை. இம்ப்ரோவ் என்று பெயர். கச்சேரி கேட்கிறவர்களுக்கு மனோதர்மம் என்றால் உடனே புரியும். கல்பனாஸ்வரம் எங்கே சுற்றினாலும் பாட்டு தொடங்கும் எடுப்பில் வந்து விழவேண்டும் அல்லவா, இங்கே அந்த எடுப்பு 12½ அங்குலம். போர்வையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பிளாக் என்று பெயர். உள்ளே எவ்வளவு கோணலாகப் போனாலும் பிளாக்கின் வெளி அளவு 12½ அங்குலச் சதுரமாக நின்றாக வேண்டும். இணைக்கும்போது நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய் 12 அங்குலம் மிஞ்சும். அகலத்துக்கு 3, நீளத்துக்கு 4 என்று 12 பிளாக் சேர்த்தால் 36க்கு 48 அங்குலத்தில் ஒரு குழந்தைப் போர்வை.

பையில் என்ன இருக்கிறது?

முறையைத் தேடிப் போகுமுன் நான் செய்திருக்க வேண்டியதும், செய்யாமல் மூன்று வாரத்தை வீணடித்ததும் இதைத்தான். பழைய பெட்ஷீட் ஒன்றைக் கூடத்தில் விரித்து, பையை அப்படியே கொட்டிப் பாருங்கள்.

பிளவுஸ் டைலர் வீட்டுத் துண்டுகளுக்கென்று சில வடிவங்கள் உண்டு. கைக்குழி வெட்டியதில் பிறை பிறையாக விழுந்தவை. பானைக் கழுத்து வெட்டியதில் அரைவட்டம். பைப்பிங் வைக்கக் கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டி மிச்சமான நாடாக்கள். லைனிங் துணியின் ஓரத்தில் ஒன்றரை, இரண்டு அங்குல அகலத்துக்கு நீளப் பட்டைகள். சுடிதார் டாப்பின் பக்கவாட்டில் கழித்துப்போட்ட ஒல்லி முக்கோணங்கள். நிறத்துக்குக் குறைவே இல்லை: அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், கத்திரிப்பூ, மயில்கழுத்து, எம்.எஸ். புளூ. எல்லாம் ஒரே நேரத்தில் பேசும்.

முதலில் கழிக்க வேண்டியதைக் கழியுங்கள். பனியன் துணி இழுபடும். ஷிஃபானும் கிரேப்பும் ஊசிக்கு அடியில் வழுக்கும். டெரிகாட்டன் பார்க்கப் பருத்தி மாதிரியே இருந்து இஸ்திரிப்பெட்டியின் சூட்டில் காட்டிக்கொடுக்கும். சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகிக் கடினமான மணியாக உறைந்தால் பாலியெஸ்டர். ஜரிகை ஓரங்களையும் வெட்டிவிடுவேன். இப்போதைய ஜரிகையில் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழைதான், சூடு பட்டால் சுருங்குகிறது.

அடுத்தது சாயம். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நின்றுவிடும் என்பது வீட்டுக்கு வீடு சொல்லும் கைவைத்தியம். துணிக்குச் சாயம் ஏற்றும்போது உப்புக்கு வேலை உண்டு. கடைக்கு வந்துவிட்ட துணியில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தை உப்பு பிடித்துவைக்காது. தண்ணீர் தெளியும்வரை அலசுவது ஒன்றுதான் வழி. நாலு அலசலுக்குப் பிறகும் சிவப்பு இறங்கினால் அந்தத் துண்டு போர்வைக்கு ஆகாது. குழந்தைக்குத் தைக்கும் போர்வை வாரம் இரண்டு தடவையாவது தண்ணீரைப் பார்க்கும், அதை நினைவில் வையுங்கள். சின்னத் துண்டுகளை வாஷிங் மெஷினில் அப்படியே போட்டால் நூல்நூலாகப் பிரிந்து ஒரு பந்தாகத்தான் வெளியே வரும். தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி, பக்கெட்டில் கையால் அலசுங்கள்.

அலசியதும் சாதம் வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து, அதில் முக்கி, அரை ஈரத்தில் இஸ்திரி போட்டுவிடுவேன். அம்மா சேலைக்குச் செய்தது. இந்த வேலையில் கஞ்சிக்கு வேறொரு பயன் இருக்கிறது. கோணலாக வெட்டிய ஓரம் எல்லாமே கிராஸ் ஓரம்தான், தொட்டால் இழுபடும். மொடமொடவென்று இருந்தால் தைத்து முடிக்கும்வரை வடிவம் மாறாது. கடைசியில் ஒரு துவையலில் கஞ்சி போய்விடும்.

இவ்வளவும் முடிந்தபின் எனக்கு மூன்று குவியல் மிஞ்சியது. ஒரு சாண் நீளத்துக்கு மேலான பட்டைகளும் ஒல்லி முக்கோணங்களும் முதல் குவியல். உள்ளங்கை அளவுத் துண்டுகள் இரண்டாவது. இரண்டு அங்குலத்துக்கும் கீழான துணுக்குகள் மூன்றாவது. எந்த முறை அழகு என்று கேட்பதை விட, எந்தக் குவியல் உயரம் என்று கேட்டால் முடிவு சீக்கிரம் வரும்.

துணுக்கு பிளாக்

ரொட்டித் துகளுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் கிரம்ப் என்ற பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள். கையில் அகப்பட்ட சின்னத் துண்டோடு இன்னொன்று, அதோடு இன்னொன்று என்று தட்டு அகலத்துக்கு வளர்த்து, கடைசியில் சதுரமாக நறுக்குவது. எதையும் தூக்கியெறிய மனசு வராதவர்களை முதலில் இழுப்பது இதுதான். என்னையும் இழுத்தது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அங்குலச் சதுரத் துணுக்கை நாலு பக்கமும் தைத்தால், கால் கால் அங்குலம் உள்ளே போய், வெளியே தெரிவது அரை அங்குலச் சதுரம். பரப்பில் கால் பங்குதான் கண்ணுக்குக் கிடைக்கிறது, முக்கால் பங்கு தையலுக்கு அடியில். இரண்டு அங்குலச் சதுரமானால் பாதிக்குச் சற்று மேல் தெரியும். துணியைக் குப்பைக்கூடையில் எறிவதற்குப் பதிலாகப் போர்வைக்குள் எறிகிறோம், அவ்வளவே. அப்படி உள்ளே எறிந்த துணி சும்மா இருப்பதும் இல்லை. பிளாக் அட்டை மாதிரித் தடிக்கிறது. நாலு தையல் சந்திக்கிற முடிச்சில் ஊசி ஏறும்போது மெஷின் தையலை விட்டுவிடுகிறது. என் மெஷின் பெடல் போட்ட பழைய கறுப்புத் தலை. எதையும் தைக்கும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு பிளாக்கில் இரண்டு ஊசி போயிற்று. நேரம் இரண்டரை மணி.

செய்தே தீருவேன் என்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒவ்வொரு துணுக்காக மெஷினுக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் நடக்காதீர்கள். இருபது ஜோடியை நூல் அறுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுங்கள், தோரணம் மாதிரி வரும். பிறகு வெட்டி, எல்லாவற்றையும் ஒரே தடவையில் இஸ்திரி போட்டு, ஜோடியோடு ஜோடி சேருங்கள். எப்போதும் நேர் ஓரத்தோடு நேர் ஓரம்தான் சேரவேண்டும். ‘ட’ எழுத்து மாதிரி உள்மூலை ஒன்று உருவாகிவிட்டால் அதில் துணியைப் பொருத்துவதற்குள் உயிர் போய்விடும். முளைத்தவுடன் நறுக்கி நேராக்கிவிடுங்கள்.

நிறமும் ஒரு தொல்லை. நம் ஊர்த் துண்டுகளைக் கலந்து தைத்தால் கண்ணுக்கு ஓய்வே இருக்காது. ஒரு பிளாக்குக்கு ஒரே நிறக் குடும்பம் என்று பிரித்தால் தப்பிக்கலாம். எல்லாப் பச்சையும் ஒன்றில், எல்லா மஞ்சளும் ஒன்றில். அப்படிப் பிரிக்கும் அளவுக்கு உங்களிடம் துணுக்கு சேர்ந்திருக்க வேண்டும்.

காகிதத்தின் மேல் பட்டை

ஸ்ட்ரிங் என்று அழைக்கப்படும் இது, ஒரு காகிதச் சதுரத்தின்மேல் பட்டைகளை வரிசையாகத் தைத்து மூடுவது. அமெரிக்காவில் 1930களின் பஞ்ச காலத்தில் வீட்டுக்கு வீடு தைத்த முறை. செய்தித்தாளும் தபாலில் வந்த கேட்லாக் பக்கங்களும்தான் அவர்களுக்கு அடித்தாள். முடிக்காமல் விட்ட பழைய போர்வைகளின் முதுகில் அந்தத் தாள்கள் இன்னும் இருக்கின்றன. அதில் அச்சான தேதியை வைத்தே தைத்த காலத்தைக் கணிக்கிறார்கள்.

நான் செய்த தவறிலிருந்து தொடங்குகிறேன். 12½ அங்குலக் காகிதத்தை வெட்டிக்கொண்டு முதல் பட்டையை மூலைக்கு மூலை வைத்தேன். எட்டவில்லை. அந்தச் சதுரத்தின் மூலைவிட்டம் ஏறக்குறைய 17¾ அங்குலம். பிளவுஸ் துண்டில் அந்த நீளத்துக்கு எங்கே போவது? காகிதத்தை 6½ அங்குலமாகக் குறைத்தால் மூலைவிட்டம் 9¼ அங்குலத்துக்குள் அடங்கும். 10 அங்குலப் பட்டை போதும், அது பையில் தாராளமாக இருக்கிறது. இப்படி நாலு சின்னச் சதுரம் சேர்ந்தால் ஒரு பிளாக். 12 பிளாக்குக்கு 48 சதுரம் என்பதைக் கேட்டு மலைக்காதீர்கள். ஒன்றுக்கு கால் மணி நேரம், இடையில் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம்.

முதல் பட்டை மேல்பக்கம் பார்த்து மூலைக்கு மூலை. அதன்மேல் இரண்டாவது பட்டை கவிழ்த்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, காகிதத்தோடு சேர்த்தே கால் அங்குலத்தில் ஒரு தையல். புரட்டிப் போட்டு நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் மடிப்பு படியும், இஸ்திரிப்பெட்டி பிறகு. அடுத்த பட்டை, அடுத்த பட்டை, மூலைவரை. பிறகு எதிர்ப்பக்கம். பட்டையின் இரண்டு முனையும் காகிதத்தை அரை அங்குலமாவது தாண்டி நிற்கட்டும். மூலையில் கடைசியாக வைக்கும் துண்டு மட்டும் அகலமாக இருக்கவேண்டும். அங்கே ஒல்லிப் பட்டை வைத்தால் இணைக்கும்போது தையல் அதை முழுதாக விழுங்கிவிடும்.

கோணல் வேண்டுமென்றால் பட்டையைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் போதும். சுடிதாரின் ஒல்லி முக்கோணங்கள் இங்கே தங்கம். ஒரு முனை அகலம், ஒரு முனை குறுகல் என்று தானாகவே சாய்வு வந்துவிடும். எல்லாச் சதுரத்திலும் நடுப்பட்டை மட்டும் ஒரே நிறமாக இருந்தால், நாலையும் சேர்த்ததும் நடுவில் ஒரு வைரக்கட்டம் விழும். நான் அரக்கு வைத்தேன். மற்ற பட்டைகள் எவ்வளவு சத்தம் போட்டாலும் கண் அந்தக் கட்டத்தைப் பிடித்துக்கொள்கிறது. பைப்பிங் கிராஸ் நாடாவையும் பயமில்லாமல் போடலாம், அடியில் காகிதம் இருப்பதால் இழுபட வழியில்லை. இழுத்துப் பிடிக்காமல் படுக்கவைத்தால் சரி.

எனக்கு மிகவும் பிடித்தது வெட்டும் வேலைதான். தைத்ததைக் கவிழ்த்துப் போட்டால் காகிதத்தின் ஓரமே கோடு. அதை ஒட்டிக் கத்திரியால் வெட்டினால் சதுரம் தயார். உருளைக் கத்தி, அதற்கு ஒரு ரப்பர் பாய், கோடு போட்ட பிளாஸ்டிக் ஸ்கேல் என்று எதையும் வாங்க வேண்டாம். மற்ற மெஷின் முறைகளை இவை இல்லாமல் செய்யலாம், ஆனால் சாக்பீஸும் அட்டையுமாக ஒவ்வொரு தடவையும் அளந்து மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

தொந்தரவு இல்லாமல் இல்லை. காகிதத்தைக் கிழிக்கும்போது தையல் பிரியாமல் இருக்க, தையலை 1½ மில்லிமீட்டருக்குச் சின்னதாக்க வேண்டும், அங்குலத்துக்குப் பதினேழு தையல் வரும். நூல் கூடுதலாக ஓடும். தப்பாகத் தைத்தால் பிரிப்பது நரகம். காகிதம் ஊசியை மழுக்குவதால் இந்த வேலைக்கென ஒரு ஊசியை ஒதுக்கி, முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுங்கள். நான் 16ஆம் நம்பர் போட்டேன். துளை பெரிதாக விழுவதால் கிழிப்பது சுலபம். செய்தித்தாளை இஸ்திரி போட்டால் மை வெள்ளைத் துணியில் ஏறுகிறது. டைலர்கள் அளவு வெட்டும் காக்கித்தாள் தடிமன். எழுதாத மெல்லிய நோட்டுத்தாள் பொருந்தியது.

அப்பாவின் பழைய வேட்டியையும் சதுரமாக வெட்டி அடித்தாளுக்குப் பதில் வைத்துப் பார்த்தேன். கிழிக்கும் வேலையே இல்லை, உள்ளேயே தங்கிவிடும். பெரிய தையல் போதும். ஓர் அடுக்கு கூடுவதால் உள்ளே பஞ்சு வைக்க வேண்டாம். நம் வெயிலுக்குப் பாலியெஸ்டர் பஞ்சு வைத்த போர்வையைக் குழந்தைக்குப் போர்த்த எனக்கு மனசில்லை, அதனால் இதுவே பிடித்துப்போனது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் காகிதத்தோடு போய்ப் பஞ்சு வைத்துக்கொள்ளலாம்.

கோணல் லாக் கேபின்

லாக் கேபின் என்றால் மரக்கட்டை வீடு. நடுவில் உள்ளங்கையளவு துண்டு. ஒரு பக்கம் பட்டை, திருப்பி அடுத்த பக்கம் பட்டை, கடிகாரம் சுற்றுகிற திசையில் சுற்றிக்கொண்டே வளர்ப்பது. ஒவ்வொரு பட்டையும் தைத்து இஸ்திரி போட்டதும் ஓரத்தைக் கொஞ்சம் சாய்த்து வெட்டினால் கோணல் வரும். 13½ அங்குலம் தாண்டும்வரை வளர்த்து, அட்டையில் வெட்டிய 12½ அங்குலச் சதுரத்தை எப்படி வைத்தால் அழகு என்று திருப்பித் திருப்பிப் பார்த்து நறுக்கலாம்.

இந்த வேலையின் உச்சத்தைப் பார்க்க அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்குத்தான் போகவேண்டும். வில்காக்ஸ் மாவட்டத்தில் அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்துகொண்ட நிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினக் குடும்பங்கள் வாழும் இடம். அங்கே பெண்கள் முழங்கால் வெளுத்த வேலைக் கால்சட்டைகளையும் பழைய உடுப்புகளையும் கிழித்துக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வளர்கிற இந்த அமைப்புக்கு அங்கே ‘ஹவுஸ்டாப்’, அதாவது வீட்டுக்கூரை என்று பெயர். 2002இல் அந்தப் போர்வைகள் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னியிலும் சுவரில் தொங்கின. 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றைத் தபால்தலையாக்கியது.

எனக்கு அதைவிடச் சுவையான சங்கதி ஒன்று உண்டு. அந்த வட்டாரத்தில் 1966இல் பெண்கள் சேர்ந்து ஃப்ரீடம் குயில்ட்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். 1972இல் அதற்கு சியர்ஸ் என்ற அமெரிக்கக் கடை நிறுவனத்திடமிருந்து, வரிவரியாக மேடு தெரியும் கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்க ஆர்டர் வந்தது. ஆர்டரில் மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் வீடுகளுக்குப் போயின. அந்தக் காலத்து ஜீஸ் பெண்ட் போர்வைகள் சிலவற்றில் அடர்ந்த தங்க மஞ்சளும் பச்சையும் அகலமான பட்டைகளாக வந்தது அப்படித்தான். கார்டுராய் தடிமன், பொடியாக நறுக்கினால் தைக்க வராது. ஆகவே பட்டைகள் அகலமாயின. கையில் வந்த துணிதான் வடிவத்தைத் தீர்மானித்தது.

நமக்கு இதில் உள்ள சிக்கல் நீளம். வெளிச்சுற்றுக்கு 13 அங்குலம் தாண்டிய பட்டை வேண்டும். இல்லையென்றால் இரண்டு மூன்றை ஒட்டி நீளமாக்கலாம், ஒட்டிய இடம் அழகாகத்தான் இருக்கும். அடியில் தாங்கும் காகிதம் இல்லாததால் வெளி ஓரம் இழுபடும். மேலே சொன்ன கஞ்சி இங்கே கட்டாயம். மற்றபடி வேகம் என்றால் இதுதான். என் சோதனை பிளாக் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. உள்ளங்கைக் குவியல் உயரமாக இருப்பவர்கள், டைலர் வீட்டுத் துண்டு அல்லாமல் பழைய சட்டை, சுங்குடிச் சேலை, வேட்டி என்று தாங்களே கிழித்துத் தைப்பவர்கள் யோசிக்காமல் இதை எடுக்கலாம்.

பிளாக்கே இல்லாத வழி

மெஷின் இல்லாதவர்களுக்கு ஒரு முறை பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னடா மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்துக் காடோரக் கிராமங்களில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களான சித்திகள் வாழ்கிறார்கள். அந்தப் பெண்கள் தைப்பது கவந்தி. பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றித் துண்டுகளை மடித்து வைத்து ஓட்டுத்தையலில் தைத்துக்கொண்டே உள்நோக்கிப் போகிறார்கள். சுற்றுக்குச் சுற்று தையல் கோடு குறுகிக்கொண்டே வந்து நடுவில் முடியும். நாலு மூலையிலும் மடித்த துணியில் ஒரு பூ வைக்காமல் கவந்தி முழுமையாவதில்லை.

ஒட்டும் தையலும் அடுக்குகளை இணைக்கும் தையலும் ஒன்றே என்பது இதன் பெரிய வசதி. மெஷின் முறைகளில் 12 பிளாக்கையும் இணைத்தபின் அடித்துணி சேர்த்துத் தைக்கும் வேலை தனியாக உண்டு, அதை யாரும் வீடியோவில் உரக்கச் சொல்வதில்லை. கவந்தியில் அந்த வேலையும் கூடவே முடிந்துவிடுகிறது. சதுரமாக நறுக்குவதும் இல்லை, அதனால் துணி வீணாவதும் குறைவு. கைக்குழிப் பிறைகளைக்கூட ஓரம் மடித்து வைத்துவிடலாம்.

ஆனால் நேரம்! ஓர் அடிச் சதுர மாதிரிக்கு எனக்கு மூன்று மாலை ஆனது. முழுப் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு சித்திரை மாதத்தில் உட்கார முடியாது என்பது இரண்டாவது மாலையிலேயே தெரிந்துவிட்டது. பிரசவத் தேதி கையில் இருக்கும்போது இது வேண்டாம். தேதி எதுவும் இல்லாமல், மழைக்காலத்தில், பேச ஆள் இருக்கும் திண்ணையில் உட்கார்ந்து தைக்க இதைவிடச் சிறந்தது இல்லை.

பட்டுத் துண்டுகளை இந்த நான்கிலும் சேர்க்காதீர்கள். விக்டோரியா காலத்து கிரேஸி குயில்ட் அதற்கென்றே உள்ள முறை. 1876இல் ஃபிலடெல்ஃபியா பொருட்காட்சியில் ஜப்பானியக் கலைப்பொருட்களைப் பார்த்த கிளர்ச்சிக்குப் பிறகு அமெரிக்காவில் அது பெரிய மோகமாக மாறியது. காடாத்துணியின்மேல் பட்டுத் துண்டுகளைக் கோணல்மாணலாகப் பரப்பி, இணைப்புகளின்மேல் எம்பிராய்டரி போடுவார்கள். சுவரில் மாட்ட அழகு. பால் கக்கும் குழந்தைக்கு அது எதற்கு?

நான் எடுத்த முடிவு

என் பையில் பட்டைக் குவியல் மற்ற இரண்டையும் சேர்த்ததைவிட உயரம். உருளைக் கத்தி இல்லை. பிரசவத்துக்கு ஏழு வாரம். எனவே எட்டு பிளாக் ஸ்ட்ரிங், அதுவும் வேட்டியின்மேல். உள்ளங்கைத் துண்டுகள் நாலு லாக் கேபின். போர்வையின் நடுப்பத்தியில் மேலிருந்து கீழாக லாக் கேபின் நாலு, இரண்டு பக்கமும் ஸ்ட்ரிங். இரண்டு வகை பிளாக்கும் ஒன்றையொன்று தள்ளாமல் இருக்க, பத்திகளுக்கு நடுவில் ஒன்றரை அங்குல அகலத்தில் துவைத்துச் சுருங்கவைத்த காடாத்துணிப் பட்டை ஓடுகிறது. தைத்தபின் அது ஓர் அங்குலமாக நிற்கும்; போர்வை அகலத்தில் 36லிருந்து 38 ஆயிற்று. லாக் கேபின் நாலுக்கும் அடியில் வேட்டித்துணி ஒன்று வைத்துவிட்டேன், இல்லாவிட்டால் நடுப்பத்தி மட்டும் மெலிந்து தெரியும். இதை முதலில் மறந்து, ஒரு பத்தியைப் பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

உங்கள் பை வேறாக இருக்கும். ஆண்கள் சட்டை தைக்கும் டைலரிடம் வாங்குகிறவர்களுக்கு உள்ளங்கைத் துண்டுகள் அதிகம் வரும், லாக் கேபினுக்குப் போங்கள். வீட்டில் வருஷக்கணக்காகத் தைத்து டப்பா நிறையத் துணுக்கு சேர்த்தவர்கள், ஒன்றரை அங்குலத்துக்குக் கீழானதைக் கழித்துவிட்டு, நிறம் பிரித்து, துணுக்கு பிளாக் ஒன்றிரண்டைப் போர்வையின் மூலையில் வையுங்கள். முழுப் போர்வையும் அதிலேயே வேண்டாம். நாலு துவையலுக்குப் பிறகு ஈரத்தில் தூக்கிப் பாருங்கள், ஏன் என்று தெரியும்.

சோதனைக்குத் தைத்த துணுக்கு பிளாக் என்ன ஆனது என்றால், அதை நாலாக வெட்டி ஓரம் கட்டி அடுப்படியில் கரித்துணியாக்கினேன். போர்வைக்குத் தொந்தரவாக இருந்த தடிமன் குக்கரை இறக்கச் சரியாக இருக்கிறது. அதில் ஒன்றை டைலர் அக்காவுக்குக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த மயில்கழுத்து எதிர்வீட்டுப் பொண்ணோட நிச்சயதார்த்த பிளவுஸ்தானே” என்றார். போன மாதத்திலிருந்து அரிசிப்பையோடு தனியாக ஒரு கேரிபேக்கும் வருகிறது. நீளப் பட்டையெல்லாம் அதில், ரப்பர் பேண்ட் போட்டு.